எட்டாம் கற்பனையும் கைபேசியும்



ஞாயிறு பூசைக்கு வராமல் நின்றது பாவம் என்று நமக்குத் தெரியும். களவும் பொய்யாணையும் பாவம் என்று தெரியும். பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது இவற்றை விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறோம். ஆனால் கைபேசியில் வந்த ஒரு செய்தியை மெய்யா பொய்யா என்று பாராமல் பத்துப் பேருக்கு அனுப்பியதை நம்மில் எத்தனை பேர் எண்ணுகிறோம்? "நான் எழுதவில்லை, சுவாமி, வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிடுகிறோம். இந்தச் சாக்கு சர்வேசுரன் சந்நிதியில் செல்லுமா என்பதே இவ்வாரப் பாடம்.

1. எட்டாம் கற்பனை விலக்குவது என்ன?

பொய்ச்சாட்சி என்றால் நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சொல்லும் பொய் மட்டுமே என்று நினைப்பவர் உண்டு. திருச்சபையின் போதகம் அப்படியன்று. 1992-ம் ஆண்டு வெளியான திருச்சபையின் பெரிய ஞானோபதேச நூல், 2477-ம் எண்ணில், பிறர் நற்பெயருக்கு விரோதமான மூன்று குற்றங்களைப் பிரித்துக் காட்டுகிறது.

முதலாவது, அவசரத் தீர்ப்பு. போதிய ஆதாரமின்றி அயலான் குற்றவாளி என்று மனதுக்குள் நம்பிவிட்டாலே இக்குற்றம் உண்டாகிறது. இரண்டாவது, புறணி. தகுந்த காரணமில்லாமல் ஒருவனுடைய மெய்யான குற்றத்தை, அதை அறியாதவர்களுக்கு வெளிப்படுத்துவது புறணியாகும். மூன்றாவது, அவதூறு. இல்லாததைச் சொல்லி ஒருவன் பெயரைக் கெடுப்பது அது.

இவற்றுள் இரண்டாவதைக் கவனியுங்கள். "உள்ளதைத்தானே சொன்னேன்" என்பது எட்டாம் கற்பனைக்கு முன் போதுமான பதிலன்று. குடித்துவிட்டுத் தெருவோரம் விழுந்து கிடக்கும் ஒருவனைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம். அவன் குடித்தது மெய். ஆனால் மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தைத் தோழிகள் கையில் காணப்போகிறவள் அவனுடைய மகள். அவள் செய்த குற்றம் என்ன?

2. அனுப்புகிறவனுக்கும் பங்கு உண்டா?

ஹிப்போ நகர் மேற்றிராணியாராயிருந்த அர்ச். அகுஸ்தீனார் தம் சாப்பாட்டு மேசையில் சில வரிகளை எழுதி வைத்திருந்தார். அங்கே இல்லாதவருடைய வாழ்வைப் பல்லால் கடிப்பவருக்கு இந்த மேசையில் இடமில்லை என்பது அவற்றின் கருத்து. ஒருமுறை அவருடைய நண்பர்களான மேற்றிராணிமார் சிலர் அதை மறந்து பேசத் தொடங்கினர். அர்ச்சிஷ்டவர் மிகவும் வருந்தி, "ஒன்று இந்த எழுத்தை அழிக்க வேண்டும், அல்லது நான் எழுந்து என் அறைக்குப் போக வேண்டும்" என்ற கருத்துப்படச் சொன்னார். அவருடைய சீடர் பொசிதியுஸ் எழுதிய சரித்திரத்தில் இது காணப்படுகிறது.

புறணியைச் சும்மா கேட்டுக்கொண்டிருப்பதே குற்றத்தில் பங்குகொள்வது என்று அவர் கருதினார். கேட்பவனுக்கே பங்கு உண்டென்றால், கேட்டதை எடுத்துக்கொண்டு வீடு வீடாய்ப் போகிறவனுக்கு இல்லாமற் போகுமா? முற்காலத்தில் கோள் சொல்பவள் தெருக்குழாயடியில் நாலு பேரிடம் சொல்வாள். இன்று இருநூறு பேர் உள்ள ஐந்து வாட்ஸாப் குழுக்களுக்கு ஒரே சமயத்தில் அனுப்பினால், ஒரு விரல் அசைவில் ஆயிரம் பேர் காதில் ஓதினவர்களாகிறோம்.

3. பலன் என்ன?

2018-ம் ஆண்டு மே மாதம் 9-ம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பத்தார் வழியில் கண்ட பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி அந்நாட்களில் கைபேசி வழியாக எங்கும் பரவியிருந்தது. கூட்டம் கூடி அவர்களை அடித்தது. 65 வயது மூதாட்டி ஒருவர் இறந்தார். அதே ஆண்டு ஜூலை 1-ம் தேதி மகாராஷ்டிரத்தில் துலே மாவட்டத்து ராயின்பாடா கிராமத்தில் இதே சந்தேகத்தினால் ஐந்து பேர் அடித்துக் கொல்லப்பட்டார்கள்.

அக்காலத்தில் இந்தியாவில் பரவிய காட்சிகளுள் ஒன்று, பிள்ளைகளைப் பத்திரமாய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எச்சரிக்கக் கராச்சியில் எடுக்கப்பட்ட நாடகப் படம். குழந்தையைத் தூக்கிச் சென்றவர்கள் உடனே திரும்ப வந்து அதை இறக்கிவிட்டு, எச்சரிக்கைப் பலகையைக் காட்டுவதாக அது முடியும். யாரோ அந்த முடிவை வெட்டிவிட்டார்கள். நன்மைக்காகச் செய்யப்பட்டது நஞ்சாயிற்று. வெட்டினவன் ஒருவன், அனுப்பினவர்களோ எண்ணிறந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளைப் பெற்றவர்கள், நல்லெண்ணத்தோடேயே அனுப்பியிருப்பார்கள்.

4. என் குற்றம்

பிறரைப் பற்றியே எழுதிக்கொண்டு போனால் இப்பாடம் வேஷமாகிவிடும். ஆகையால் சிலருக்கு மட்டும் தெரிந்த ஒரு காரியத்தை இங்கே சொல்கிறேன்.

முன்பு நான் இருந்த பங்கில், ஒரு சனிக்கிழமை மாலை, எனக்கு ஒரு படம் வந்தது. தோளில் மூட்டையோடு ஒரு மனிதன். "பிள்ளை பிடிப்பவன், எச்சரிக்கை" என்ற வாசகம். அனுப்பியவர் நான் மதிக்கிறவர். பூசைக்கு நேரமாகிவிட்டது. ஆராயவில்லை. பங்கின் ஐந்து அன்பியக் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டுக் கோவிலுக்குப் போனேன்.

மறுநாள் மத்தியானம் எங்கள் உபதேசியார் ஒரு போர்வை வியாபாரியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். எட்டு வருஷமாய் எங்கள் தெருக்களில் மூட்டை சுமந்து தவணைக்குப் போர்வை விற்றவன். உதடு கிழிந்திருந்தது. பின்னால் நம் வாலிபர்கள் மூவர் தலைகுனிந்து நின்றார்கள். "ஏன் அடித்தீர்கள்?" என்று அதட்டினேன். அவர்களில் மூத்தவன் மெதுவாய்ச் சொன்னான்: "சுவாமி, நீங்கள் அனுப்பின படம்தானே?"

அந்தப் படத்திலிருந்தவன் இவனல்ல. மூட்டை ஒன்றே இருவருக்கும் பொது. என் பெயரில் வந்ததால் யாரும் சந்தேகிக்கவில்லை. குருவானவருடைய வார்த்தையை ஜனங்கள் நம்புவது சேசுநாதருடைய சுவிசேஷத்துக்காக. அந்த நம்பிக்கையை ஒரு பொய்க்கு நான் கடனாகக் கொடுத்துவிட்டேன்.

அன்றே ஐந்து குழுக்களுக்கும் மறுப்பு எழுதினேன். முந்தைய செய்தியை ஊரைத் தாண்டியும் பலர் அனுப்பியிருந்தார்கள். மறுப்பை அனுப்பினதாக ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. அந்த மனிதன் என்னிடம் பணம் கேட்கவில்லை. "சாமி, நாளைக்கு நான் இந்தத் தெருவுக்குள் வரலாமா?" என்று மட்டும் கேட்டான்.

5. ஈடு செய்யும் கடமை

திருடினவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது; திருடின பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நற்பெயரும் அப்படியே. பாவம் மன்னிக்கப்பட்ட பின்பும் ஈடு செய்யும் கடமை நிற்கிறது என்று அதே ஞானோபதேச நூல் 2487-ம் எண்ணில் போதிக்கிறது.

புறங்கூறின பெண்ணை, கோழியின் இறகுகளைப் பிடுங்கிக்கொண்டே வழிநெடுகப் போட்டுவிட்டு, பின் அவற்றைப் பொறுக்கி வரும்படி அர்ச். பிலிப் நேரி அனுப்பினார் என்ற கதையைக் கேட்டிருக்கிறீர்கள். கைபேசியில் "எல்லோருக்கும் நீக்கு" என்றொரு வசதி உண்டு. அதுவும் நம் கையிலிருந்து போன முதல் இறகை மட்டுமே எடுக்கும். பிறர் மேலே அனுப்பியதைத் தொடாது. எல்லா இறகுகளையும் பொறுக்க முடியாது என்பதற்காக, கைக்கெட்டியதையும் பொறுக்காமல் இருக்கலாமா? பொய்யை எந்தக் குழுவில் போட்டோமோ அந்தக் குழுவிலேயே, நம் பெயரைச் சொல்லி, "நான் அனுப்பியது தவறு" என்று எழுதுவது கடமை.

மறுநாள் நான் அந்த வியாபாரியோடு எல்லாத் தெருக்களிலும் நடந்தேன். அடித்த மூவரும் மூட்டையை மாறி மாறிச் சுமந்தார்கள். வாசல்தோறும் நின்று, "இவர் குற்றமற்றவர், பிழை என்னுடையது" என்றேன். ஒரு நாள் முழுவதும் ஆயிற்று. அனுப்புவதற்கு ஒரு நிமிஷமும் ஆகவில்லை.

6. நாம் செய்யவேண்டிய தீர்மானங்கள்

(அ) ஒருவருடைய படமோ பெயரோ உள்ள செய்தியை, நாமே விசாரித்து அறியாமல் அனுப்புவதில்லை. நம்பத்தக்கவர் அனுப்பினார் என்பது விசாரணையாகாது. அவரும் நம்மைப்போல் ஏமாந்திருக்கலாம்.

(ஆ) இரட்டை அம்புக்குறியோடு வருவது பல கை மாறி வந்த செய்தி. 2018-ல் இந்தியாவில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி செய்தவர்கள், 2020-ல் இத்தகைய செய்தியை ஒரு முறைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும் அனுப்பும்படி சுருக்கினார்கள். வியாபாரம் நடத்துகிறவர்களே இவ்வளவு எச்சரிக்கையாயிருக்க, ஞானஸ்நானம் பெற்றவர்கள் அசட்டையாயிருக்கலாமா?

(இ) மெய்யாகவே ஆபத்து என்று தோன்றினால் மௌனமாயிருப்பது புண்ணியமாகாது. ஆனால் சொல்லவேண்டியது தடுக்கக்கூடியவரிடம். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள்.

(ஈ) மெய்யாயிருந்தாலும், "இது என் தகப்பனைப் பற்றியதானால் அனுப்புவேனா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

(உ) இவ்வாரப் பாவசங்கீர்த்தன ஆயத்தத்தில் கைபேசியைத் திறந்து, கடந்த மாதம் அனுப்பியவற்றைப் பாருங்கள். திருத்தவேண்டியது இருந்தால் கோவிலுக்கு வருமுன் திருத்துங்கள்.

காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ், பொய்ச் செய்திகளைப் பற்றி 2018-ல் விடுத்த நிருபத்தில், முதல் பொய்ச் செய்தியைப் பரப்பியது ஏதேன் தோட்டத்துச் சர்ப்பம் என்று காட்டினார். ஏவாள் அதைக் கேட்டு நம்பினாள். ஆதாமுக்கும் கனியைக் கொடுத்தாள். அந்தப் பொய்யை உண்டாக்கினவள் அவளல்ல. ஆயினும் தண்டனைக்குத் தப்பவில்லை.

அந்த வியாபாரி இப்போதும் அந்தத் தெருக்களில் போர்வை விற்கிறான். எனக்கு ஒரு போர்வையை இனாமாகத் தந்தான். இரவில் கைபேசியை எடுக்கும்போதெல்லாம் அது என் கண்ணில் படுகிறது. சத்தியமாயிருக்கிற நமதாண்டவர் நம் நாவையும் விரலையும் காத்தருள்வாராக.

உங்கள் பங்குக் குரு