நம்பிக்கைகளும் உண்மைகளும்: தாத்தாவின் சவரக்கத்தியைக் கெடுப்பது எது?

பரணிலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ மடக்குச் சவரக்கத்தி ஒன்று கிடைத்துவிட்டால் வீட்டில் ஆளுக்கொரு யோசனை கிளம்பும். எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போடு என்பார் ஒருவர். பட்டறையில் கொடுத்து பஃபிங் போடு என்பார் இன்னொருவர். தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் வந்துவிடும் என்பார் மூன்றாமவர். மூன்றுமே தவறு. நூறாண்டு ஈரத்தையும் கவனிப்பின்மையையும் தாக்குப்பிடித்து வந்த எஃகு இந்த யோசனைகளால் ஒரே பிற்பகலில் பாழாகிப்போவதைப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர் போன்ற ஊர்களில் இன்றும் சில பட்டறைகள் புதிய கத்தி செய்கின்றன. ஆனால் பழைய கத்தி ஒன்று கெட்டால் அந்தக் கத்தி திரும்ப வராது.

நம்பிக்கை: துரு ஏறிவிட்டது, இனி உதவாது.

துரு எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. சவரம் செய்வது விளிம்பிலுள்ள மயிரிழை அகலப் பகுதி மட்டுமே. கத்தியின் முதுகிலும் கன்னம் எனப்படும் பக்கவாட்டிலும் எத்தனை கறை இருந்தாலும் கத்தி வேலை செய்யும். செந்துரு விளிம்பை அரித்துக் குழி போட்டிருந்தால்தான் சிக்கல். மேலே சின்னக் கரும்புள்ளியாகத் தெரிவது உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். தீட்டத் தீட்ட விளிம்பு அந்த இடத்தில் உதிரும். அப்போதும் விளிம்பைச் சற்றுப் பின்னுக்குத் தேய்த்து நல்ல எஃகை எட்ட வழி உண்டு. விளிம்பிலிருந்து மேல்நோக்கி ஓடும் விரிசலுக்கு மட்டும் வைத்தியம் கிடையாது. அந்தக் கத்தியை முகத்தில் வைக்கவே கூடாது.

இன்னொன்று: கருமையெல்லாம் துரு அல்ல. சாம்பலும் கருநீலமுமாகப் படிந்திருக்கும் மெல்லிய படலம் எஃகைக் காக்கவே செய்கிறது. சுரண்டாமல் விட்டுவிடுங்கள். செந்துருவுக்கு மெஷின் எண்ணெய் தடவி ஓரிரு நாள் ஊறவிட்டு, பெயின்டர்கள் பயன்படுத்தும் வாட்டர் பேப்பரில் 600-இல் தொடங்கி 1000, 2000 என்று கையால் மெதுவாகத் தேய்த்தால் போதும். கத்தியை மரக்கட்டை மேல் படுக்கவைத்து, முதுகிலிருந்து விளிம்பு இருக்கும் பக்கமாக ஒரே திசையில் இழுக்க வேண்டும். கை ஒருபோதும் விளிம்பை எதிர்கொண்டு வரக்கூடாது. எலுமிச்சையும் வினிகரும் புளியும் அமிலம். அவற்றுக்குத் துரு எது, நல்ல எஃகு எது என்று தெரியாது, இரண்டையும் தின்னும்.

நம்பிக்கை: கண்ணாடிபோல் மின்னினால்தான் புதுப்பித்ததாக அர்த்தம்.

மிக அதிகமான கத்திகள் மாண்டது இந்த நம்பிக்கையால்தான்.

சவரக்கத்தி எஃகில் கரிமம் ஏறத்தாழ ஒரு சதவீதமோ சற்று மேலோ இருக்கும். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்து, பின் சுமார் 150 முதல் 230 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மீண்டும் இளக்கிப் பதம் செய்திருப்பார்கள். அந்தப் பதம்தான் கத்தியின் உயிர். மோட்டாரில் சுழலும் துணிச்சக்கரத்தில் விளிம்பை அழுத்தினால், தாள்போல மெலிந்த அந்தப் பகுதி கண்ணிமைக்கும் நேரத்தில் சூடேறும். முதலில் வைக்கோல் நிறம் வரும், 300 டிகிரியை ஒட்டி நீலம் பூக்கும். நீலம் கண்டால் அந்த இடத்தில் பதம் போயிற்று. எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. சக்கரம் கத்தியைக் கவ்வி வீசியெறிவதும் உண்டு. உடல் முழுவதும் விளிம்பாக இருக்கும் பொருள் அது என்பதை மறந்துவிடக்கூடாது.

மெருகேற்றுவதால் அழிபவை இன்னும் சில உண்டு. கத்தியின் கன்னத்தில் பொறித்த எழுத்துகளுக்கு அக்காலத்தில் மெல்லிய பொன் பூச்சு கொடுப்பார்கள். பித்தளைக்குப் போடும் பாலிஷைத் தடவி இரண்டு முறை துடைத்தால் பொன் துணியோடு வந்துவிடும். பிடிக்கு அருகே தண்டில் அழுத்திய முத்திரையும் தேய்ந்து மங்கும். கத்தியைத் தொடுவதற்கு முன்னால் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து அந்த முத்திரையைப் படியுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் கீறலாகத் தெரிந்தது சாய்ந்த ஒளியில் ஊர்ப் பெயராகவும் பட்டறைப் பெயராகவும் எழுந்து வரும். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முத்திரையில் நாட்டின் பெயர் இல்லையென்றால் 1890-க்கு முந்தைய கத்தி என்று விற்பவர்கள் சொல்வார்கள். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்றது அந்த ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம்; அமெரிக்காவுக்குப் போகாத கத்தியை அது கட்டுப்படுத்தவில்லை.

நம்பிக்கை: ‘சில்வர் ஸ்டீல்’ என்று பொறித்திருந்தால் வெள்ளி கலந்தது, ஷெஃபீல்டு என்றால் முழுக்க ஆங்கிலேய எஃகு.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கதை நம் ஊரையும் தொடுகிறது.

1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி இங்கிலாந்தின் ஷெஃபீல்டு அருகே மண்மூசையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். பழைய கத்திகளில் காணும் ‘காஸ்ட் ஸ்டீல்’ முத்திரை அந்த எஃகைக் குறிப்பது. அதற்கான நல்ல இரும்போ பெரும்பாலும் ஸ்வீடனிலிருந்து வந்தது. லண்டன் ஸ்ட்ராண்டு தெருவில் கடை வைத்திருந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், சவரக்கத்தியும் அறுவைக் கருவியும் செய்ய இந்தியாவிலிருந்து வந்த ‘வூட்ஸ்’ எஃகையே விரும்பினார்; தம் கடை விளம்பரத்திலேயே அதைச் சொன்னார். தென்னிந்தியக் கொல்லர்கள் மூடிய மண்மூசையில் இரும்பையும் கரியையும் சேர்த்து உருக்கி எடுத்த எஃகு அது. அதன் இரகசியத்தைத் தேடித்தான் ஸ்டோடார்ட்டும் மைக்கேல் ஃபாரடேயும் எஃகோடு வெவ்வேறு உலோகங்களைக் கலந்து சோதித்தார்கள். 1820-லும் 1822-லும் முடிவுகளை வெளியிட்டார்கள். ஐந்நூறில் ஒரு பங்கு வெள்ளி சேர்த்த எஃகு அவர்களுக்கு நல்ல பலன் தந்தது. அந்தப் புகழை வியாபாரம் பிடித்துக்கொண்டது. பிறகு பல பத்தாண்டுகள் ‘சில்வர் ஸ்டீல்’ என்பது தரத்தைச் சொல்லும் விளம்பர முத்திரையாகவே ஓடியது. அந்தக் கத்திகளில் வெள்ளியைத் தேடுவது வீண்.

ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார்; தாது சேலத்திலிருந்து வந்தது. இங்கிலாந்து திரும்பியவர், எஃகை உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். விலை உயர்ந்த ஸ்வீடன் இரும்பு இல்லாமலே நல்ல வார்ப்பெஃகு செய்ய முடிந்தது. ஷெஃபீல்டு கொழித்தது. ஹீத்தோ காப்புரிமை வழக்குகளில் சிக்கி அலைந்து 1851-இல் இறந்தார். ஷெஃபீல்டு முத்திரைக்குப் பின்னால் ஸ்வீடன் சுரங்கமும் பரங்கிப்பேட்டை உலையில் பழகிய ஒரு மனிதரின் அறிவும் இருக்கின்றன. கத்தியைக் கையில் எடுக்கும்போது இதுவும் நினைவில் இருந்தால் அதைச் சக்கரத்தில் கொடுக்க மனம் வராது.

நம்பிக்கை: தோல்வாரில் தீட்டினால் கூர் வந்துவிடும்.

வார் கூரை உண்டாக்காது. இருக்கும் கூரைச் சீராக்கும். சவரத்தில் லேசாக மடங்கிய விளிம்பு, துணியிலும் தோலிலும் முதுகு முன்னே போக இழுக்கும்போது நேராகும். மழுங்கிய கத்திக்குக் கல்தான் வேண்டும்.

தெருவில் சாணை பிடிப்பவரிடம் கொடுப்பதும் சரியாகாது. அவர் தொழிலில் குறையில்லை; சமையல் கத்திக்கும் கத்தரிக்கும் அவர் கை போதும். சவரக்கத்தியின் கணக்கு வேறு. அதன் கோணத்தை முடிவு செய்வது தீட்டுபவர் கையல்ல, கத்தியின் முதுகு. 16 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் முதுகுத் தடிமனும் உள்ள கத்தியைத் தட்டையான கல்லில் படுக்கவைத்தால், முதுகும் விளிம்பும் ஒன்றாகக் கல்லைத் தொடும். இரு பக்கமும் சேர்ந்து 18 டிகிரி கோணம் தானாக அமையும். முதுகைத் தூக்கினால் அந்தக் கணக்கு கெட்டது. முதுகு தேயாமலிருக்க எலக்ட்ரீஷியன்கள் சுற்றும் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று ஒட்டலாம். கோணம் சுமார் ஒரு டிகிரிதான் கூடும்.

முதலில் 1000 எண் கல். விளிம்பு நெடுகக் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கத்தியின் எடை மட்டும் அழுத்த, விளிம்பு முன்னே போக ஒருமுறை தள்ளிவிட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். பிடிப்பக்கக் குதிகாலிலிருந்து நுனிவரை மை முழுவதும் போயிருந்தால் கல் விளிம்பைத் தொடுகிறது. நடுவில் ஒரு நூலளவு கறுப்பு மிஞ்சினாலும் அங்கே இன்னும் கூர் பிறக்கவில்லை. அதைச் சரிசெய்யாமல் மென்மையான கல்லுக்குப் போனால் அதன்பின் செய்யும் வேலை அத்தனையும் வீண். சரியான பிறகு 4000, 8000, 12000 என்று ஏறலாம். கார்னெட் துகள் நிறைந்த பெல்ஜியத்தின் ஆர்டென் மலைக்கல்லை இந்தக் கடைசிக் கட்டத்துக்குப் பல தலைமுறைகள் நம்பியிருந்தார்கள். இன்றும் அது வெட்டி எடுக்கப்படுகிறது.

நம்பிக்கை: வெள்ளைக் கைப்பிடி என்றால் தந்தம்.

பெரும்பாலும் செல்லுலாயிடு. தந்தம்போல் தோன்ற அதில் வரிவரியாகக் கோடு விட்டிருப்பார்கள்; அந்தக் கோடுகள் அடிக்கோல் வைத்ததுபோல ஒரே சீராக ஓடும். விரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரலாம், ஏனென்றால் அதைச் செய்வதே நைட்ரோசெல்லுலோசும் கற்பூரமும் சேர்த்துத்தான். சூடான ஊசியால் குத்திச் சோதிக்கும் யோசனை ஆபத்தானது, குப்பென்று தீப்பிடிக்கும். பழைய செல்லுலாயிடு சிதையும்போது வெளிவரும் வாயு ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகிறது. எண்ணெய் தடவிப் பெட்டிக்குள் வைத்த கத்தியும் கைப்பிடிக்குள் இருக்கும் பகுதியில் மட்டும் துருப்பிடித்தால் காரணம் அதுவே. அத்தகைய பிடியை ஆணி கழற்றிப் பிரித்து, மற்றக் கத்திகளிலிருந்தும் தள்ளி வையுங்கள். உண்மையிலேயே தந்தமாக இருந்தால் விலை பேசாதீர்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் தந்த வணிகத்தைத் தடை செய்திருக்கின்றன.

நம்பிக்கை: துருப்பிடித்த கத்தி கீறினால் டெட்டனஸ்.

துரு அந்த நோயைத் தருவதில்லை. நோய்க்கிருமியின் வித்துகள் மண்ணிலும் புழுதியிலும் சாணத்திலும் உள்ளன. அழுக்கோடு ஆழமாக ஏற்பட்ட எந்தக் காயத்தின் வழியாகவும் நுழையும். தடுப்பூசிதான் காப்பு. பளபளவென்று துடைத்த கத்தி என்பதால் பயமில்லை என்று நினைப்பதும் தவறு. ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் இரத்தத்தின் வழியே பரவுபவை. கத்தியைச் சுடுதண்ணீரில் முக்கி எடுத்தால் கிருமி நீங்கியதாக ஆகாது. சலூன்களில் ஆளுக்கொரு புது பிளேடு மாற்றும் வழக்கம் வந்தது நல்ல மாற்றம். புதுப்பித்த பழைய கத்தி ஒரே ஒருவர் முகத்துக்கு மட்டும் உரியது.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு கத்தி கிடைத்தால், விளிம்பில் கை படாமல் துடைத்து, துளி எண்ணெய் தடவி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். கல்லில் தீட்டத் தெரிந்தவர் கிடைக்கும்வரை அதற்குமேல் எதுவும் செய்ய வேண்டாம்.