இளம் வீரரை வளர்க்கும் முறை

அணிக்குப் புதிதாக வரும் இளைஞனை உடனே களத்தில் இறக்க வேண்டுமா, சில காலம் உட்கார வைத்துப் பழக்க வேண்டுமா? விளையாட்டுலகில் இது நெடுநாளையக் கேள்வி. இதற்கு விடை காண, சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் த. நடராஜனின் வாழ்க்கையே நமக்கு நல்ல பாடம்.

டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய அவர், 2015 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாட்டுக்காக முதன்முதலில் ஆடினார். உடனே அவர் பந்து வீசும் முறை விதிப்படி சரிதானா என்ற ஐயம் எழுந்தது. பலருடைய ஆட்டம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பயிற்சியாளர்கள் அவரைக் கைவிடவில்லை. குறையைத் திருத்தி மீண்டும் பழக்கினர். 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திண்டுக்கல் அணிக்காக, மட்டையாளரின் காலடியில் விழும் யார்க்கர் பந்துகளை வீசிப் பெயர் பெற்றார்.

2017 ஐ.பி.எல். ஏலத்தில், 10 லட்சம் ரூபாய் அடிப்படை விலையிலிருந்த அவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. ஆடியது 6 ஆட்டங்கள். கிடைத்தவை 2 விக்கெட்டுகள். விலை ஏறிய வேகத்தில் அனுபவம் ஏறிவிடாதல்லவா? மறு ஆண்டு 40 லட்சத்துக்கு ஐதராபாத் அணிக்குப் போனார். 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ஓர் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. ஆனால் அங்கே பந்துவீச்சுப் பயிற்சியாளராக முத்தையா முரளிதரன் இருந்தார். உடன் வீச புவனேஷ்வர் குமார் இருந்தார். 2020-இல் வாய்ப்பு வந்தது. தொடர்ந்து 16 ஆட்டங்களில் ஆடி 16 விக்கெட்டுகள் எடுத்தார். அவ்வாண்டு இறுதியில் வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுபவராக ஆஸ்திரேலியா சென்றவர், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார்.

அப்படியானால் உட்கார வைத்தாலே வளர்ந்துவிடுவார்களா? இல்லை. நம் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தொழிலாளர்களைக் கேட்டால் சொல்வார்கள்: பட்டைச் சாற்றுக் குழியில் தோலைப் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது, நாள்தோறும் புரட்டிப் பார்க்க வேண்டும். காத்திருக்கும் வீரனும் அப்படித்தான். அவனுக்கு அன்றாடம் வேலையும், குறை சொல்லித் திருத்த ஒரு மூத்தவரும் வேண்டும்.

இறக்கிய பிறகும் பொறுமை தேவை. 2020-இல் சென்னை அணியில் ருதுராஜ் கெய்க்வாட் முதல் மூன்று ஆட்டங்களில் எடுத்த ஓட்டங்கள் 0, 5, 0. அணி அவரை நீக்கிவிடவில்லை. அடுத்த மூன்று ஆட்டங்களிலும் அரைச் சதம் அடித்தார். மறு ஆண்டு 635 ஓட்டங்களுடன் தொடரிலேயே முதலிடம் பெற்றார். 2024-இல் அணித்தலைவரும் ஆனார். மூன்றாம் ஆட்டத்தோடு நிறுத்தியிருந்தால் இவை ஏது?

இதை நான் அனுபவித்தும் அறிவேன். பாகாயத்தில் நான் ஆடிய ஓர் அணியில், முதல் ஆட்டத்திலேயே கடைசி ஓவரை என்னிடம் கொடுத்தார்கள். பத்தொன்பது ஓட்டங்கள் போயின, தோற்றோம். எவரும் திட்டவில்லை. ஆனால் அந்த ஆண்டு முழுவதும் என் கையில் பந்து வரவேயில்லை. என்ன தவறு செய்தேன் என்று யாரும் சொல்லவுமில்லை. தோல்வியைவிட அந்த மௌனந்தான் என்னை அதிகம் வருத்தியது.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்று இரண்டு அதிகாரங்கள் வைத்தார். ஆளைத் தேர்ந்தெடுப்பது ஒரு கலை. அவனிடம் வேலையை ஒப்படைப்பது மற்றொரு கலை. நம்மில் பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறோம்.

இவ்வாண்டு நம் கல்லூரி அணிக்கு முதலாமாண்டு மாணவர் இருவர் பந்து வீச வந்துள்ளனர். அவர்களுக்குத் தொடர்ந்து மூன்று ஆட்டங்கள் உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும்படி அணித்தலைவரைக் கேட்டிருக்கிறேன். மாலைதோறும் வலையில் அவர்களுடன் நிற்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன்.