நரியைப் பரியாக்கும் கதைகள்

மாணிக்கவாசகருக்காக மதுரையில் நரிகள் பரிகளாயின. ராத்திரி வந்ததும் பரிகளெல்லாம் பழையபடி நரிகளாகி ஊளையிட்டுக்கொண்டு ஓடின. பிரிட்டனின் ஆட்டுப் பண்ணைகளில் இந்தத் திருவிளையாடல் வருடா வருடம் நடக்கிறது. ஐந்து முதல் ஏழு கிலோ தேறும் ஒரு செந்நரி, பகல் பேச்சில் குதிரை அளவுக்கு வளர்ந்துவிடும். இரவில் விளக்கை அடித்துப் பார்த்தால்தான் அது மறுபடி நரியாகும்.

அந்த விளக்கோடும் அதன் கூடவே போகும் ரைஃபிளோடும் நரியைச் சுடுவதற்கு அங்கே ‘லேம்ப்பிங்’ என்று பெயர். இருட்டிய பிறகு ஒருவர் வண்டியிலிருந்தோ நடந்தோ சக்திவாய்ந்த விளக்கை வயல்மேல் சுழற்றுவார். இன்னொருவர் துப்பாக்கியோடு காத்திருப்பார். புறங்கையை உதட்டில் வைத்து உறிஞ்சி, அடிபட்ட முயல் கத்துவதுபோல ஒலியெழுப்பி நரியை அருகே வரவழைப்பதும் உண்டு. இதைப் பற்றி எதிரும் புதிருமாக ஏராளமான கதைகள். நரியை வெறுப்பவர்களிடமும் உண்டு, நேசிப்பவர்களிடமும் உண்டு. இரண்டு பக்கத்திலிருந்தும் சிலவற்றை எடுத்துப் பார்ப்போம்.

முன்குறிப்பு ஒன்று. நம் ஊர்க் கரும்புக்காட்டில் ஊளையிடும் நரி வேறு. அது நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய சொந்தம். இங்கே பேசப்படுவது செம்பட்டை ரோமமும், நுனி வெளுத்த புசுபுசு வாலும் உள்ள செந்நரி.

நம்பிக்கை: பிரிட்டனில் நரி வேட்டையைத் தடை செய்துவிட்டார்கள். ராத்திரியில் சுடுவது திருட்டு வேலை.

தடை செய்யப்பட்டது நாய்களை ஏவித் துரத்திக் கொல்வது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான 2004ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம் 2005 பிப்ரவரி 18 அன்று நடைமுறைக்கு வந்தது; ஸ்காட்லாந்து அதற்கு முன்பே 2002இல் தனிச் சட்டம் இயற்றியிருந்தது. சிவப்புக் கோட்டு, குதிரை, ஊதுகொம்பு என்று நாம் படங்களில் பார்த்த காட்சி அத்தோடு சட்டவிரோதமானது. ஆனால் நில உரிமையாளரின் அனுமதியோடு, காவல்துறை வழங்கிய துப்பாக்கிச் சான்றிதழோடு, இரவில் விளக்கடித்து நரியைச் சுடுவது அன்றும் குற்றமில்லை, இன்றும் குற்றமில்லை. அந்தச் சான்றிதழை வாங்குவது லேசல்ல. ஒவ்வொரு ரைஃபிளும் அதில் தனியாகக் குறிக்கப்படும். எதற்காக வேண்டும் என்பதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும்.

எது குற்றம் என்று கேட்டால், நரிக்கு விஷம் வைப்பது குற்றம். பல் வைத்த இரும்புப் பொறி குற்றம். அதே வயலில் அதே இரவில் ஒரு மானைச் சுட்டால் குற்றம். சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழிந்தது முதல் உதிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரை மான்மேல் கை வைக்கக் கூடாது. பேட்ஜர் என்ற வளைக்கரடியைத் தொட்டால் 1992ஆம் ஆண்டுச் சட்டம் பாயும். ஆக, விளக்கு வெளிச்சத்தில் மின்னும் கண்களில் எந்தக் கண் யாருடையது என்பது சட்டப் பிரச்சினையும்கூட.

நம்பிக்கை: கண் மின்னும் நிறத்தைப் பார்த்தே நரி என்று சொல்லிவிடலாம்.

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை. இதைக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும்.

ராத்திரி பேருந்தில் போகும்போது, சாலையோரம் படுத்திருக்கும் மாட்டின் கண் ஹெட்லைட்டில் பச்சையாக எரிவதைப் பார்த்திருப்பீர்கள். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல ஒரு படலம் இருக்கிறது. உள்ளே நுழைந்த ஒளியை அது திருப்பி அனுப்ப, விழித்திரைக்கு அதே ஒளியைப் பிடிக்க இரண்டாவது வாய்ப்பு கிடைக்கிறது. இருட்டில் நடமாடும் விலங்குக்கு இது பெரிய வரம். திரும்பி வரும் மிச்ச ஒளிதான் நமக்குத் தெரியும் மினுக்கம். நரிக்கு இருக்கும் இந்தப் படலம் நாய்க்கும் பூனைக்கும் செம்மறிக்கும் மானுக்கும்கூட இருக்கிறது. நிறமோ விலங்கின் வயது, தலை திரும்பியிருக்கும் கோணம், விளக்கின் தன்மை எல்லாவற்றையும் பொறுத்து மாறும். ஒரே நரியின் கண் ஒரு நொடி வெள்ளையாகவும் மறு நொடி பச்சையாகவும் தெரியலாம்.

பழகியவர்கள் நிறத்தைவிட நடத்தையைக் கவனிப்பார்கள். செம்மறியின் கண்கள் கும்பலாக, அசைவு குறைந்து நிற்கும். நரியின் கண்கள் தரையோடு தரையாக ஓடும், நிற்கும், அணையும், பத்தடி தள்ளி மறுபடி எரியும். ஆனால் அதுவும் ஊகம்தான். பக்கத்துப் பண்ணையின் மேய்ச்சல் நாயும் அப்படித்தான் ஓடும். அதனால் அவர்களிடையே எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு: கண்ணைப் பார்த்துச் சுடாதே, உடம்பு முழுக்கத் தெரிந்து, இன்னதென்று உறுதியான பிறகுதான் விசையில் விரல் போக வேண்டும். இதை மறந்தவர்கள் ஆட்டையும் நாயையும் பூனையையும் சுட்டிருக்கிறார்கள்.

அடுத்த கேள்வி, நரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது? முயல் சுடும் சின்னத் தோட்டாகூட ஒரு மைலைத் தாண்டிப் போகும். நரிக்கு வழக்கமாகப் பயன்படும் ரைஃபிள் தோட்டா அதைவிடத் தொலைவுக்குப் போகும். விளக்கின் வெளிச்சம் சில நூறு மீட்டரோடு நின்றுவிடுகிறது, தோட்டா நிற்பதில்லை. ஆகவே தோட்டாவை வாங்கிக்கொள்ள நரிக்குப் பின்னால் மேடோ மண்சரிவோ இருந்தாக வேண்டும். மேட்டு உச்சியில் வானத்தின் பின்னணியில் நரி எவ்வளவு அழகாக நின்றாலும் சுடக் கூடாது. நல்ல லேம்ப்பர் தன் வயலைப் பகலிலேயே நடந்து பார்த்து, எங்கே வீடு, எங்கே பாதை, எந்தப் பட்டியில் ஆடு என்று மனப்பாடம் செய்துகொள்வார். எத்தனை நரி சுட்டார் என்பதைவிட எத்தனை முறை சுடாமல் திரும்பினார் என்று கேட்டால் அவர் தரம் தெரிந்துவிடும்.

நம்பிக்கை: வெளிச்சம் பட்டதும் நரி மயங்கி நின்றுவிடும். சிவப்பு விளக்கென்றால் அதன் கண்ணுக்கே தெரியாது.

குட்டி நரி, அதுவரை விளக்கையே பார்க்காத நரி, கொஞ்சம் திகைத்து நிற்கலாம். ஒரு முறை தோட்டா தவறிப்போன பிறகு அதே நரியைக் கேட்டுப் பாருங்கள்! வண்டிச் சத்தமும் விளக்கும் சேர்ந்தால் என்ன வரும் என்று அது கற்றுக்கொள்கிறது. வெளிச்சம் எட்டுவதற்குள் வேலியோரம் மறைந்துவிடுகிறது. இப்படிப்பட்டவற்றுக்கு ‘லேம்ப்-ஷை’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அவசரப்பட்டுத் தூரத்திலிருந்து சுடுகிறவர், தன் பண்ணைக்குப் படித்த நரியை உருவாக்கிக்கொள்கிறார்.

சிவப்பு விளக்கில் பாதி உண்மை இருக்கிறது. மனிதக் கண்ணில் நிறமறியும் கூம்புகள் மூன்று வகை. நாய்க் குடும்பத்துக்கு இரண்டே வகை. சிவப்பு அவற்றுக்கு மங்கலாகத்தான் தெரியும், அதனால் மிரட்சி குறையும். ஆனால் மங்கல் வேறு, இருட்டு வேறு. போதிய பிரகாசம் இருந்தால் சிவப்பையும் நரி பார்க்கும்.

இப்போது விளக்கின் இடத்தைத் தெர்மல் கருவிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவை உடல் சூட்டை உருவமாகக் காட்டும். சூட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நம்பிக்கை: சுடச் சுட நரி குறையும்.

2001இல் பிரிட்டனில் கால்நடைகளுக்குக் கோமாரி பரவியது. கிராமப்புற நடமாட்டமே முடங்க, நாய் வேட்டையும் ஏறக்குறைய ஓராண்டு நின்றுபோனது. யாரும் திட்டமிடாமல் கிடைத்த பரிசோதனை இது. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 160 இடங்களில் நரியின் எச்சத்தை எண்ணி, முன்பும் பின்பும் ஒப்பிட்டு, 2002இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். வேட்டை நின்றதால் நரி பெருகவில்லை.

நரியின் குடும்பக் கணக்கு அப்படி. ஒவ்வொரு நரிக் குடும்பமும் ஒரு வட்டாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பிறந்த குட்டிகள் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வீட்டை விட்டுக் கிளம்பி, காலியிடம் தேடி அலையும். ஓர் இடம் காலியானால் அடுத்தது வந்து குடியேறும். ஓர் ஈற்றில் நாலைந்து குட்டி. அக்டோபரில் வண்டி வண்டியாகச் சுட்டுக் குவித்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள், பெரும்பாலும் இந்த வழிப்போக்கர் குட்டிகளைத்தான் சுடுகிறார்கள். மார்ச்சில் ஆடு ஈனும்போது அந்த வட்டாரத்தில் வேறொரு நரி நின்றுகொண்டிருக்கும்.

அப்படியானால் சுடுவதே வீணா? இங்கேதான் நரியை நேசிப்பவர்களின் கதையும் இடறுகிறது. இங்கிலாந்தின் வடகோடியில் ஆட்டர்பர்ன் என்ற மேட்டுநிலத்தில் 2000 முதல் 2008 வரை ஒரு நீண்ட சோதனை நடந்தது. சில பகுதிகளில் முழுநேரக் காவலரை வைத்து நரி, காகம், மரநாய் இனத்துச் சிறு வேட்டையாடிகளைக் கட்டுப்படுத்தினார்கள். சில பகுதிகளை அப்படியே விட்டார்கள். கட்டுப்படுத்திய இடங்களில் தரையில் முட்டையிடும் பறவைகள் குஞ்சு பொரித்து வளர்த்தது சராசரியாக மூன்று மடங்கு. நம் ஆள்காட்டிக் குருவியின் சொந்தமான லேப்விங், நீண்டு வளைந்த அலகுள்ள கர்லூ போன்றவை இவை. கவனிக்க வேண்டியது இன்னொன்று: அத்தனை உழைப்புக்கும் நரி குறைந்தது சுமார் 43 சதவீதம்தான். ஆனாலும் அதுவே போதுமானதாக இருந்தது, ஏனென்றால் முட்டையும் குஞ்சும் இருக்கும் அந்தச் சில வாரங்களில் நரி குறைந்திருந்தது.

‘நரி வலம் போனாலென்ன, இடம் போனாலென்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி’ என்பார்கள் நம் பெரியவர்கள். லேம்ப்பிங்கை இதைவிடச் சரியாக யாரும் விளக்கிவிட முடியாது. எந்த வயலில், எந்த மாதத்தில், எந்த நரி என்று பார்த்துச் சுட்டால் பலன் உண்டு. செத்த நரியின் எண்ணிக்கையை வைத்துப் பெருமைப்படுவதில் ஒன்றுமில்லை.

நம்பிக்கை: நரி ஆட்டுக்குட்டியைத் தின்றே பிழைக்கிறது.

முயல், வயலெலி, வண்டு, மண்புழு, பழம், செத்த பிராணி என்று கிடைத்ததைத் தின்று பிழைக்கிறது. குட்டிபோடும் வயலில் நரி சுற்றுவதைக் கண்டதும் விவசாயி பதறுவது இயல்பு. ஆனால் பல சமயம் அது வருவது நஞ்சுக்கொடிக்கும், ஏற்கெனவே செத்துக் கிடக்கும் குட்டிக்கும். பிறந்த சில நாட்களில் சாகும் குட்டிகளில் பெரும்பாலானவற்றைக் கொல்வது குளிரும் பட்டினியும் தொற்றும். பிரிட்டனில் செய்த ஆய்வுகளில் நரியின் பங்கு பொதுவாக நூற்றுக்கு ஒன்றிரண்டு குட்டி என்ற அளவில்தான் வருகிறது.

சராசரி என்பதும் ஏமாற்றும். நூறு பண்ணையில் தொண்ணூறில் ஒரு குட்டியும் போகாமல், ஏதோ ஒரு பண்ணையில் ஒரே நரி தினமும் ஒன்றாகத் தூக்கலாம். அந்த விவசாயியிடம் போய்ச் சதவீதம் பேசுவது நியாயமில்லை. அவருக்கு வேண்டியது அந்த ஒரு நரி. நாயைவிட, பொறியைவிட, விளக்கும் ரைஃபிளும் ஏற்றதாக இருப்பது அங்கேதான்.

நம்பிக்கை: பசிக்காகக் கொல்வதில்லை, ருசிக்காகவும் இல்லை, நரி விளையாட்டுக்குக் கொல்கிறது.

கோழிக்கூட்டில் இருபது கோழியும் செத்துக் கிடக்க, ஒன்றை மட்டும் நரி கொண்டுபோயிருந்தால் யாருக்கும் இப்படித்தான் தோன்றும். விலங்கியலாளர் ஹான்ஸ் குரூக் இதை 1972இல் ஆராய்ந்து எழுதினார். அவர் பார்த்தது கோழிகளை அல்ல. இங்கிலாந்தின் மேற்குக் கரையில் ரேவன்கிளாஸ் என்ற இடத்தில் கூடு கட்டும் கடற்காக்கைகளை. கும்மிருட்டு இரவில் அவை பறக்காமல் உட்கார்ந்தே இருக்க, நரிகள் தின்ன முடிந்ததற்கும் மேலே கொன்று போட்டன. இரை ஓடினால் ஒன்றோடு நிற்கும் வேட்டை, இரை ஓடாதபோது நிற்பதில்லை. அதோடு, மிஞ்சியதை மண்ணில் புதைத்து வைத்துப் பிறகு தின்பது நரியின் வழக்கம். கோழிக்கூட்டில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை, நாம் வந்துவிடுகிறோம். இதற்கு மருந்து தோட்டா இல்லை. நல்ல கதவும், அந்தி சாயும் முன் அதைச் சாத்துகிற பழக்கமும், முடிந்தால் மின்வேலியும்.

நம்பிக்கை: துப்பாக்கிதான் இருப்பதிலேயே கொடூரமான வழி. (எதிர்த்தரப்பில்: துப்பாக்கி என்றால் வலியே இல்லை.)

நாய் வேட்டையை ஆராய பிரிட்டன் அரசு அமைத்த, பர்ன்ஸ் பிரபு தலைமையிலான குழு 2000இல் அறிக்கை தந்தது. தகுந்த இடத்தில் திறமையானவர் முறையாகச் செய்தால், ரைஃபிளோடு விளக்கடித்துச் சுடுவது நரிக்கு நாய் வேட்டையைவிடக் குறைந்த துன்பமே தருகிறது என்பது அவர்கள் முடிவு. எந்த முறையும் குறையற்றதில்லை என்றும் சொன்னார்கள். வேல்ஸின் செங்குத்தான மலைப்பகுதிகளில் விளக்கே சரிப்பட்டு வராது என்பதும் அதில் இருக்கிறது.

‘முறையாக’ என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. காயப்பட்ட நரி வேலிக்குள் புகுந்து நாட்கணக்கில் சாகும். மார்ச், ஏப்ரலில் பெண் நரியைச் சுட்டால் வளைக்குள் கண் திறக்காத குட்டிகள் பட்டினியில் கிடக்கும். பிரிட்டனில் நரிக்குச் சுடக் கூடாத பருவம் என்று சட்டம் எதையும் ஒதுக்கவில்லை. குட்டிபோடும் ஆட்டைக் காக்க வேண்டிய மாதமும், நரி குட்டிபோடும் மாதமும் ஒன்றாக வந்து தொலைக்கின்றன. இந்தச் சிக்கலுக்கு நேர்மையான லேம்ப்பர்களிடமும் சுலபமான பதில் இல்லை. இருப்பதாகச் சொல்கிறவரை நான் நம்பமாட்டேன்.

காணொலியில் இதையெல்லாம் பார்த்துவிட்டு நெற்றியில் ஹெட்லைட் கட்டிக்கொண்டு கிளம்பத் துடிக்கும் நம் ஊர் இளைஞர்களுக்கு ஒன்று. நம் நரியும் குள்ளநரியும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. நரி முகத்தில் விழித்தால் நல்லது என்று சேலம் மாவட்டத்துக் கிராமங்கள் சிலவற்றில் பொங்கலையொட்டி வங்காநரி என்கிற குள்ளநரியைப் பிடித்துவந்து ஓடவிடுகிறவர்களுக்கே வனத்துறை அபராதம் போட்டிருக்கிறது. அந்தச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள் உயிரோடு பிடிப்பதும் அடக்கம்.