குறைந்த இரத்த அழுத்தம்: எப்போது உடனே சொல்ல வேண்டும்?

மாணவர்களே, சபைகூடலில் வெயிலில் நெடுநேரம் நிற்கும்போது சிலருக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். புவியீர்ப்பினால் இரத்தம் கால்களில் தேங்குவதால், மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைவதே காரணம். படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரத்த அழுத்தத்தை இரண்டு எண்களால் குறிப்பர். இதயம் சுருங்கும்போது இருப்பது மேல் எண். தளரும்போது இருப்பது கீழ் எண். 120/80 வழக்கமான அளவு. 90/60-க்குக் கீழே இருந்தால் குறைந்த அழுத்தம் என்பர். சிலருக்கு இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். தொல்லை ஏதும் இல்லையென்றால் அது நோயன்று.

ஆனால் எண் நன்றாக இருந்தாலும் ஆபத்து வரலாம். நம் சிலாங்கூருக்குப் பழக்கமான டிங்கிக் காய்ச்சலே சான்று. சுங்கை பூலோ மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் டிங்கி நோயாளிகளின் அழுத்தத்தை அடிக்கடி அளப்பது இதனால்தான்.

காய்ச்சல் தொடங்கிய 3 முதல் 7 நாள்களுக்குள் உடல் சூடு தணியும். "குணமாகிவிட்டது" என்று வீட்டார் மகிழும் அந்த வேளையில்தான் சிலருக்கு நுண்குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசியும். இழப்பை ஈடுகட்ட உடல் இரத்தக் குழாய்களை இறுக்கும். கீழ் எண் உயரும். கருவி 100/80 எனக் காட்டும். பார்க்க நல்ல அளவுதான். ஆனால் கழித்துப் பாருங்கள்: வழக்கமாக 40 இருக்க வேண்டிய இடைவெளி 20 ஆகிவிட்டது! டிங்கியில் இது அதிர்ச்சிநிலையின் அடையாளம். மேல் எண் சரிவது பிறகுதான்.

டிங்கிக் காய்ச்சலில் உடனே சொல்ல வேண்டியவை:

• கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி
• ஈறு, மூக்கில் இரத்தக் கசிவு, கறுப்பு மலம்
• கை கால் சில்லிட்டு வியர்த்தல்
• மிகுந்த சோர்வு, அமைதியின்மை
• 4 முதல் 6 மணி நேரம் சிறுநீர் கழியாமை

வழக்கமாகவே குறைந்த அழுத்தம் உள்ளவர்கள் மயங்கி விழுந்தாலோ, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மனக்குழப்பம் ஏற்பட்டாலோ தாமதிக்கக் கூடாது. அழுத்தத்துக்கு மாத்திரை உண்ணும் தாத்தா பாட்டிக்கு எழுந்து நிற்கும்போதெல்லாம் தலைசுற்றினால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

செய்து பாருங்கள்: விரல்நுனியை 5 விநாடி அழுத்தி விடுங்கள். வெளிறிய இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். தாமதமானால் இரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். சரியாகச் சிவந்தாலும், மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவசரத்துக்கு 999.