ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ பேசிய வேகத்தைப் பார்த்தால் அந்த அழகன்குப்பத்துப் படகின் ஹெட்டை நாளைக் காலையிலேயே கழற்றிவிடுவாய் போலிருக்கிறது. கழற்றாதே. போனில் சொன்னால் பாதிதான் காதில் ஏறும், அதனால் எழுதுகிறேன். என் மகள் இந்தத் தாள்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாள்.

நீ சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன், சரியா பார். நாலு சிலிண்டர் டீசல், உள் எஞ்சின், ஃபைபர் படகு. எஞ்சின் நிமிடத்துக்கு 1800 சுற்று ஓடும்போது நடுக்கம் தாங்கவில்லை. ரப்பர் மவுண்டிங் நாலும் புதுசு போட்டாயிற்று, நாசில் சர்வீஸ் ஆயிற்று, ஃபில்டரும் மாற்றியாயிற்று. எந்த மாற்றமும் இல்லை. போனை எஞ்சின் மேல் வைத்துப் பார்த்தாய், நொடிக்கு 15 அதிர்வு என்று காட்டியது. 1800 சுற்று என்றால் நொடிக்கு 30. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரியும், ஆக 15. எனவே ஏதோ ஒரு சிலிண்டர் நொண்டுகிறது, திறந்து பார்க்கலாம் என்று முடிவு கட்டிவிட்டாய்.

கணக்கில் தப்பில்லை. ஐடிஐயில் படித்ததை மறக்காமல் வைத்திருக்கிறாய். ஆனால் அந்தப் படகின் கியர்பாக்ஸ் என்ன ரேஷியோ என்று பார்த்தாயா? இரண்டுக்கு ஒன்று. எஞ்சின் 30 சுற்றினால் ஷாஃப்ட் 15 சுற்றும். ஷாஃப்ட் லேசாக வளைந்திருந்தாலும் அதே 15தான் வரும். புரொப்பல்லரின் ஒரு இலை முனை உடைந்து எடை தப்பியிருந்தாலும் 15தான். நொண்டும் சிலிண்டரும் வளைந்த ஷாஃப்டும் இந்த ரேஷியோவில் ஒரே எண்ணைத்தான் காட்டும். இரண்டரைக்கு ஒன்று கியர் என்றால் ஷாஃப்ட் 12, சிலிண்டர் 15 என்று பிரிந்து தெரிந்திருக்கும். இங்கே எண் உனக்குத் தீர்ப்பு சொல்லவில்லை. சந்தேகப்பட வேண்டிய இரண்டு இடங்களைக் காட்டிவிட்டு நின்றுகொண்டது.

போனைப் பற்றி இன்னொன்று. ஜெர்மனியில் ஆஹென் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இலவசமாகக் கொடுத்திருக்கும் ஃபைஃபாக்ஸ் செயலியை நீ காட்டியபோது எனக்கு உள்ளபடியே பொறாமையாக இருந்தது. எங்கள் காலத்தில் ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்துக் கேட்பதுதான் கருவி. ஆனால் நொடிக்கு 100 முறை அளக்கும் போன், நொடிக்கு 50க்கு மேல் போகும் அதிர்வைச் சரியாகக் காட்டாது. உன் எஞ்சின் நன்றாக எரியும்போது நொடிக்கு 60 அடி அடிக்கும். அதை அந்தப் போன் 40 என்று காட்டக்கூடும். இல்லாத 40க்குக் காரணம் தேடி நீ அலைந்துகொண்டிருப்பாய். உன் போன் எத்தனை முறை அளக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்.

சரி, இரண்டு சந்தேகத்தில் எது என்று எப்படிப் பிரிப்பது? 1892இல் இங்கிலாந்தில் படகு கட்டிய ஆல்ஃபிரட் யாரோ என்பவருக்கும் இதே கேள்வி வந்தது. டார்பிடோ படகுகள் வேகமெடுத்தால் உடம்பெல்லாம் ஆடின. புரொப்பல்லர்தான் காரணம் என்று பலரும் நம்பினார்கள். அவர் புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, நிற்கிற தண்ணீரில் எஞ்சினை மட்டும் ஓட்டிப் பார்த்தார். ஆட்டம் பெரிதாகக் குறையவில்லை. குற்றவாளி எஞ்சின் என்று தெரிந்தது, அதை எடை கட்டிச் சமன்செய்யும் வேலையில் இறங்கினார். பார், அவர் எதையும் பிரித்து மேயவில்லை. ஒரே ஒரு பொருளை விலக்கினார், என்ன மாறியது என்று கவனித்தார்.

உனக்குப் புரொப்பல்லரைக் கூடக் கழற்ற வேண்டாம். கியர் லீவரை நியூட்ரலில் போட்டு அதே 1800க்கு ஏற்று. 15 அப்படியே நின்றால் எஞ்சின் பக்கம். காணாமல் போனால் கியர்பாக்ஸுக்குப் பின்னால். ஒரு எச்சரிக்கை: பாரம் இல்லாமல் ஓடும்போது நொண்டும் சிலிண்டரும் அடக்கமாக இருக்கும். அதனால் நியூட்ரலில் குறைந்தது என்ற ஒன்றை மட்டும் நம்பாதே. படகை இறுகக் கட்டிப்போட்டு, கியரில் மெதுவாக ஓடவிட்டு, நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்திப் பார். நல்ல சிலிண்டர் என்றால் தளர்த்திய உடனே எஞ்சின் தடுமாறும். தளர்த்தியும் சத்தத்தில் வித்தியாசமே இல்லையென்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே செத்துத்தான் கிடக்கிறது. துணியைச் சுற்றி வைத்துக்கொள், விரலைப் பக்கத்தில் கொண்டுபோகாதே. அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே சின்னப் புள்ளியாகத் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரும். காமன் ரெயில் எஞ்சினில் இந்தச் சோதனையே கூடாது.

என் ஊகம் ஷாஃப்ட் பக்கம்தான். மவுண்டிங், நாசில், ஃபில்டர் எல்லாம் மாற்றியும் இம்மியும் அசையாத நடுக்கத்துக்கு எஞ்சினோடு அவ்வளவு உறவு இருக்காது. ஆடுகிற இடத்தை மட்டும் பார்த்துக் காரணம் சொல்லாதே. பல் சொத்தைக்குக் காதைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவனைப் பார்த்திருப்பாய். படகிலும் அப்படித்தான், டீசல் டேங்க்கின் பிராக்கெட் கடகடவென்று அடித்துக்கொள்ளும், பாவம் அதன்மேல் ஒரு தப்பும் இருக்காது. அதன் இயல்பான ஆட்டமும் அந்த 15உம் ஒத்துப்போய்விட்டன, அவ்வளவுதான். ஒரு பட்டை வைத்து வெல்ட் அடித்தால் அடங்கும். ஓனர் சந்தோஷமாகப் பணமும் கொடுப்பார். நோய் அப்படியே இருக்கும்.

கப்ளிங்கைத் திற. போல்ட்டை எடுத்துவிட்டு இரண்டு ஃபிளேஞ்சையும் முகத்தோடு முகம் தொடவிட்டு, ஃபீலர் கேஜ் வைத்து மேலே, கீழே, இடது, வலது நாலு இடத்திலும் இடைவெளியை அள. ஃபிளேஞ்சின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஓர் அங்குலம் வரை பொறுக்கலாம். நாலு அங்குல ஃபிளேஞ்சுக்கு அது 0.1 மில்லிமீட்டர், ஏறக்குறைய நாம் எழுதும் தாளின் தடிமன். இனி முக்கியமான வேலை. கியர்பாக்ஸ் பக்கத்தை அசையாமல் வைத்துக்கொண்டு ஷாஃப்டை மட்டும் அரைச் சுற்று திருப்பு, மறுபடி அள. அகன்ற இடைவெளி படகின் அதே பக்கத்தில் நின்றால் எஞ்சின் உட்கார்ந்திருக்கும் விதம் சரியில்லை, ஷிம் போட்டுச் சரிசெய்யலாம். ஷாஃப்டோடு சேர்ந்து இடைவெளியும் சுற்றி வந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, இல்லையென்றால் அந்தப் பக்கத்து ஃபிளேஞ்சின் முகம் கோணல். லேத்துக்குப் போக வேண்டியதுதான், ஷிம் போட்டு ஒன்றும் நடக்காது. ஃபீலர் கேஜை விடச் சிக்கனமான கருவி நம் தொழிலில் இல்லை.

இதைப் படகு தண்ணீரில் மிதக்கும்போதுதான் செய்ய வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகை எல்லாம் கரையேற்றி, அங்கேயே அலைன்மென்ட் பார்த்து, அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கட்டைமேல் உட்கார்ந்த படகின் வயிறு வேறு, தண்ணீர் தாங்கும்போது அதன் வயிறு வேறு. இறக்கி ஒன்றிரண்டு நாள் மிதக்கவிட்டு, டீசலும் ஐஸும் வழக்கமாக ஏற்றுவது போல ஏற்றிவிட்டு மறுபடி அளக்கிற மெக்கானிக்கை நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். மரக்காணத்துக் காற்றில் உப்பு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அது போல்ட்டை என்ன செய்கிறது என்பதை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையும். நம் கடலோரத்தில் ராத்திரி ஆனால் அதைத் தாண்டாத நாள் குறைவு. கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது, அது 33 சதவீத ஈரத்திலேயே நீர்விடும். பாத்தியில் உப்பு எடுத்த பிறகு நிற்கும் கசப்புத் தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் அந்த ஜாதி உப்புகள்தான். ஆகவே உப்பளக் காற்று பட்ட போல்ட் வெயிலில் வெள்ளை பூத்துக் காய்ந்த மாதிரி இருந்தாலும், வாஷருக்கு அடியில் அது காய்வதே இல்லை. தலை பளபளக்கும், கழுத்து அரைவாசியாகத் தேய்ந்திருக்கும். ஸ்பேனர் போட்டால் இறுகுகிற மாதிரித்தான் இருக்கும்.

அதைவிட மோசமானது அந்த போல்ட் இறங்கும் மரம். ஃபைபர் படகில் எஞ்சின் உட்காரும் நீளக்கட்டைகள் பலவற்றில் உள்ளே மரம், வெளியே ஃபைபர் போர்வை. போல்ட் ஓட்டையைச் சரியாக ரெசின் பூசி அடைக்காவிட்டால் அதன் வழியே தண்ணீர் இறங்கி மரம் உள்ளுக்குள்ளேயே சோறாகக் குழைந்துவிடும். வெளியே ஒரு கீறல் இருக்காது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக அவசர அவசரமாகக் கட்டிய ஃபைபர் படகுகள் எத்தனையோ. ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு அப்போதே தரம் குறைந்த படகுகள் பற்றி எச்சரித்தது. பிறகு 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையிலேயே ஏறியது, தண்ணீரில் ஊறிக் கிடந்த படகுகளும் உண்டு. அதனால் படகைத் தொடுவதற்கு முன் அதன் வயதையும் புயலில் எங்கே கிடந்தது என்பதையும் கேள்.

கட்டையைச் சோதிக்கச் சுத்தியலின் மரப்பிடி போதும். முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போ. கணீரென்று வரும் சத்தம் போல்ட்டை நெருங்கும்போது ‘தொப்’ என்று மாறினால் அங்கே மரம் இல்லை. கூனிமேட்டுப் பக்கம் ஒரு படகில் எஞ்சின் போல்ட் மாதம் ஒரு தடவை தளர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒருவர் வந்து இறுக்கிவிட்டுப் போனார். நான் போனபோது போல்ட்டைச் சுழற்றி வெளியே எடுத்தேன், அதன் மரையில் கறுப்பாக, ஈரமாக, புளித்த வாடையோடு மரத்தூள் ஒட்டியிருந்தது. விரலால் நசுக்கினேன், தண்ணீர் கசிந்தது. திரும்பத் திரும்பத் தளரும் போல்ட்டை இறுக்குவது வைத்தியம் இல்லை, மாப்பிள்ளை. எஞ்சினைத் தூக்கிவிட்டு அந்தக் கட்டையை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டியிருந்தது.

தண்ணீருக்கடியிலும் ஒரு தடவை இறங்கிப் பார்த்துவிடு. அறுந்த தங்கூசி நரம்பு புரொப்பல்லருக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டு, உராய்ந்த சூட்டில் உருகி வளையமாக இறுகிவிடும். மேலே இருந்து பார்த்தால் தெரியாது. புரொப்பல்லரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டு, புஷ் தேய்ந்திருந்தால் கையிலேயே தெரியும். இலைகளில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டிவிட்டு ஒவ்வொரு இலையையும் மற்றதோடு ஒப்பிட்டுப் பார். இலை எல்லாம் ஒழுங்காக இருந்தும் நடுங்கும் கப்பல் உண்டு. 1935இல் பிரான்ஸ் நார்மண்டி என்ற பெரிய பயணிகள் கப்பலை முதல் பயணத்துக்கு விட்டபோது பின்பக்கம் உட்கார முடியாத நடுக்கம். மூன்று இலைப் புரொப்பல்லர்களை எடுத்துவிட்டு நாலு இலை போட்டதும்தான் வெகுவாக அடங்கியது. உனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. ஆனால் போன் 15க்குப் பதிலாக 45 காட்டியிருந்தால் நானும் இலைகளைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருப்பேன், மூன்று இலை, 15 சுற்று.

கைப்பாணிக்குப்பம், அனுமந்தை பக்கம் உனக்கு வரப்போவது பெரும்பாலும் லாங் டெயில்தான், எஞ்சினிலிருந்து ஷாஃப்டே வாலாக நீண்டிருக்கும் வகை. அதற்கும் இதே முறைதான், ஆனால் நியூட்ரல் இல்லாத வண்டி நிறைய. அங்கே வாலைத் தண்ணீரிலிருந்து தூக்கிச் சில நொடி ஓட்டிப் பார், அதிக நேரம் கூடாது, புஷ் வறண்டு எரியும். பிறகு புரொப்பல்லரைக் கழற்றி, பிறகு ஷாஃப்டையே விலக்கி, படிப்படியாக. கரையில் ஏறும்போது வால் மணலில் இடிக்கிறது, குழாய்க்குள் மணல் போகிறது, நடு புஷ் தேய்கிறது. நடு புஷ் போய்விட்டால் தாங்கலே இல்லாத நீளம் இரண்டு மடங்காகும். நீளம் இரண்டு மடங்கானால் ஷாஃப்ட் வில்லாக வளைந்து சுழல ஆரம்பிக்கும் வேகம் பாதியாகக் குறையாது, நாலில் ஒன்றாகக் குறையும். வருஷக்கணக்காக நல்லபடி ஓடிய எஞ்சின் ஒரு நாள் திடீரென்று நடுவேகத்தில் பேயாட்டம் ஆடுவது அதனால்தான். குற்றம் ஐம்பது ரூபாய்ப் பொருளில் இருக்க, ஓனர் புது எஞ்சினுக்கு விலை விசாரித்துக்கொண்டிருப்பார். எண்பதுகளில் சென்னையை மையமாக வைத்து வேலை செய்த வங்காள விரிகுடாத் திட்டத்தார் இந்தக் கரையேறும் தொல்லைக்கு எஞ்சினையும் ஷாஃப்டையும் ஒரே பெட்டியில் வைத்து, மொத்தமாகத் தூக்குகிற மாதிரி படகு அமைத்தார்கள். ஷாஃப்ட் தூக்கினாலும் எஞ்சினோடு உள்ள நேர்கோடு கலையாது. நல்ல யோசனை, பரவலாக நிலைக்கவில்லை.

வால் பிடிக்கிறவரிடம் ‘ஆடுகிறதா’ என்று மட்டும் கேட்காதே. வருஷக்கணக்காக அந்தக் கம்பியைப் பிடித்தவரின் விரல் மரத்துப்போயிருக்கும், புதிய ஆட்டத்தை அவர் கை சொல்லாது. என் வலது கையும் இப்போது அந்த நிலைமைதான். சட்டைப் பொத்தானைக் கண்ணால் பார்த்துத்தான் போடுகிறேன். கையை நம்பி வேலை செய்கிற வயதில் இருக்கும்போதே கையுறை போட்டுக்கொள்.

கூலி விஷயம். சாமான் மாற்றினால் பணம், கண்டுபிடித்தால் வெறும் டீ என்பதுதான் நம் கரை வழக்கம். அதனால்தான் மெக்கானிக்குகள் முதலில் மாற்றிவிட்டு அப்புறம் யோசிக்கிறார்கள். நீ ஆரம்பத்திலேயே பேசிவிடு: பார்ப்பதற்கு ஒரு நாள் கூலி, சாமான் தேவைப்பட்டால் அது தனி. முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அந்த அழகன்குப்பத்து ஓனர் மவுண்டிங்குக்கும் நாசிலுக்கும் இதுவரை கொடுத்ததைக் கூட்டிக் காட்டு, அவரே ஒத்துக்கொள்வார்.

நியூட்ரலில் என்ன வந்தது, ஃபீலர் கேஜ் நாலு பக்கமும் என்ன சொன்னது, ஷாஃப்டைத் திருப்பிய பிறகு என்ன சொன்னது, மூன்றையும் எழுதி அனுப்பு. அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல். ஊரில் கருவாடு நல்லதாகக் கிடைத்தால் கொஞ்சம் கொடுத்துவிடச் சொல்.

அன்புடன்,
உன் மாமா