காட்டுத் தீ

தைத் திங்கள் கழிந்து மாசி பிறந்ததும் சேலம், நாமக்கல் சமவெளியின் நிறம் மாறத் தொடங்குகிறது. மார்கழியில் பசுமை போர்த்திருந்த வரப்புகள் வெளுக்கின்றன. கிணற்று நீர் நாளுக்கு நாள் கீழிறங்குகிறது. சேலத்திற்கு வடக்கே நிற்கும் சேர்வராயன் மலையும், தென்கிழக்கே நிற்கும் போதமலையும் கொல்லிமலையும் அடிவாரத்தில் சாம்பல் நிறம் கொள்கின்றன. அங்குள்ள உசிலும் வேங்கையும் தம் இலைகளை உதிர்த்துவிடுகின்றன. வேரில் நீர் குறைந்த காலத்தில் இலை வழியே நீர் வீணாகாமல் தடுக்க மரம் கொண்ட வழி அது. ஆயினும், உயிரைக் காக்க உதிர்த்த அந்தச் சருகே பின்னர் அம்மரத்தின் உயிருக்கு உலை வைப்பதும் உண்டு.

வெயிலால் வாடிய முல்லையும் குறிஞ்சியுமே பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் கூறுவதை நீங்கள் அறிவீர்கள். நம் மலையடிவாரங்களைப் பங்குனியில் காண்போர்க்கு அக்கூற்று கற்பனை அன்று என்பது விளங்கும். மூங்கில்கள் ஒன்றோடொன்று உராய்வதால் காடு தீப்பற்றும் என்றும் பழம் புலவர் பாடினர். ஆனால், இந்நாளில் மூங்கிலின் மேல் பழி சுமத்துவது முறையாகாது. நம் நாட்டுக் காட்டுத் தீக்களில் மிகப் பெரும்பாலானவை மனிதனால் நேர்வன என்றே வனத்துறையினர் கூறுகின்றனர். அணைக்காமல் எறிந்த பீடித் துண்டு, சமைத்தபின் விட்டுச்சென்ற அடுப்பு, தேன் எடுக்கக் கொண்டுபோன பந்தம், புதுப்புல் முளைக்க வேண்டுமென்று வைத்த நெருப்பு ஆகியவையே காரணங்கள்.

தீ உண்டாக எரிபொருள், வெப்பம், காற்று ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றோடு வறட்சியும் சேரும்போதுதான் சிறு பொறி பெருந்தீயாகிறது. காலையில் வெப்பம் 24 பாகையாகவும், காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 70 ஆகவும் இருப்பதாகக் கொள்வோம். நண்பகலில் அதே காற்று 36 பாகைக்குச் சூடேறினால், அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ இரு மடங்காகிறது. உள்ள நீராவியோ கூடவில்லை. ஆகவே ஈரப்பதம் 35 ஆகக் குறைகிறது. அந்த வறண்ட காற்று கொடியில் உலர்த்திய துணியிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது போலவே சருகிலிருந்தும் புல்லிலிருந்தும் உறிஞ்சுகிறது. பருத்த மரக்கட்டை காயப் பல நாள்கள் ஆகும். மெல்லிய புல்லுக்கு ஒரு மணி நேரமே போதும். விடியலில் பனியில் நனைந்திருந்த புல்வெளி பிற்பகலில் வெடிமருந்து போல் ஆவது இதனாலேயே.

மலைச்சரிவு தீக்கு ஏணி ஆகும். சமதரையில் எரியும் தீயின் வெப்பம் பெரும்பாலும் மேலெழுந்து சென்றுவிடும். சரிவிலோ மேலுள்ள புல் தீநாக்கிற்கு மிக அருகில் இருப்பதால், தீ தொடுமுன்பே காய்ந்து சூடேறிவிடுகிறது. பகலில் மலைமுகம் வெயிலால் சூடாக, காற்றும் அடிவாரத்திலிருந்து மேல்நோக்கி வீசுகிறது. இரண்டும் ஒன்றுகூடின் தீயின் வேகத்தை மனிதனின் கால் வெல்லுதல் அரிது. இரு சரிவுகளுக்கு இடைப்பட்ட ஓடைப்பள்ளம் இன்னும் கொடியது. அது புகைபோக்கியைப் போல் தீயை மேலே இழுக்கும்.

இவ்வுண்மையைத் தமிழ்நாடு மிகக் கொடிய முறையில் கண்டது. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்த மலையேற்றக் குழுவினர் கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இளைஞர், பெண்கள் பலர். காய்ந்த புற்சரிவில் அவர்களைத் தீ சூழ்ந்துகொண்டது. புகையில் வழி தெரியவில்லை. அஞ்சி ஓடியோர் பலர் பள்ளங்களில் விழுந்தனர். ஊர்மக்களும் வனத்துறையினரும் மலையேறிச் சென்று காயமுற்றோரைச் சுமந்து இறக்கினர். விமானப்படையின் எலிகாப்டர்களும் வந்தன. மருத்துவமனையில் உயிர் நீத்தோரையும் சேர்த்து இறந்தோர் 23 பேர். அவர்கள் சென்றது பங்குனி நெருங்கும் காலம். மலை காய்ந்து நின்ற காலம். காலத்தைக் கருதாமல் மலைக்குச் செல்லலாம் என்று எண்ணியதே முதற்பிழை என்று சொல்லத் தோன்றுகிறது. அந்நிகழ்ச்சிக்குப் பின் மலையேற்றத்திற்கென அரசு தனி விதிகள் வகுத்தது.

தீயிடையே அகப்பட்டவர் மேல்நோக்கி ஓடலாகாது. பக்கவாட்டில் விலகிப் புல்லற்ற பாறையையோ, நீரோடையையோ, முன்னரே எரிந்து அடங்கிய நிலத்தையோ நாட வேண்டும். நைலான் உடை உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி உடையே நன்று.

மலையில்லாத ஊரினர் தமக்கு அச்சமில்லை என்று இருந்துவிட முடியாது. மோகனூர்ப் பக்கத்தில் கரும்பு வெட்டியபின் தோட்டத்தில் கிடக்கும் சோகைக்குத் தீ வைப்பது வழக்கம். காற்று திரும்பினால் அத்தீ அடுத்த தோட்டத்துக் கரும்பில் ஏறும். வைக்கோல் ஏற்றிய லாரி, தாழ்ந்து தொங்கும் மின்கம்பியில் உரசித் தீப்பற்றிய செய்தியைக் கோடைதோறும் நாளேட்டில் படிக்கிறோம். அமெரிக்காவில் டெக்சாசு மாநிலத்தின் புல்வெளியில் 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் பற்றிய தீ, 10 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை எரித்தது. உளுத்த மின்கம்பம் ஒன்று முறிந்து விழுந்ததே அதன் தொடக்கம். அந்நாட்டில் வறட்சியும் கடுங்காற்றும் ஒருங்கே வரும் நாள்களில் வானிலை நிலையத்தார் செங்கொடி எச்சரிக்கை விடுக்கின்றனர். அன்று வெட்டவெளியில் நெருப்பு மூட்டுதல் தகாது.

சித்திரையில் மற்றோர் இடர் வருகிறது. பகலெல்லாம் காய்ந்த நிலத்தின் மேல் மாலையில் கார்முகில் திரள்கிறது. மழை விழுமுன்பே முகிலிலிருந்து குளிர்ந்த காற்று தரையில் மோதி நாற்புறமும் பாய்கிறது. பரமத்திவேலூர்ப் பகுதியில் குலை தள்ளிய வாழைகள் இச்சூறையில் சாய்வதைக் காணலாம்; ஓராண்டு உழைப்பு கால்மணி நேரத்தில் மண்ணாகிறது. எங்கோ புகைந்துகொண்டிருக்கும் தீயும் இக்காற்றால் திசை மாறிப் பாயும். இடி முழங்கும்போது தனிமரத்தின் அடியில் ஒதுங்குவது இறப்பைத் தேடிச் செல்வதாகும்.

காட்டைக் காப்போர் தைத் திங்களிலேயே பணி தொடங்குகின்றனர். புல்லையும் சருகையும் அகற்றி நீண்ட தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கின்றனர். தீ மூண்டபின் பச்சைத் தழைகளால் அடித்து அணைக்கின்றனர். சில வேளைகளில் எதிர்த்தீ வைத்து, வரும் தீக்கு இரை இல்லாமல் செய்கின்றனர். தேராதூனில் உள்ள இந்திய வன அளவாய்வு நிறுவனம் செயற்கைக் கோள்களின் வாயிலாகத் தீ எரியும் இடத்தை அறிந்து மாநில வனத்துறைக்குச் செய்தி அனுப்புகிறது. ஆயினும் புகையை முதலில் காண்பவன் பெரும்பாலும் அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவனே. 101 அல்லது 112 என்ற எண்ணுக்கு அவன் தரும் செய்தி, பல ஏக்கர் காட்டைக் காக்கக்கூடும்.

தீ வைத்தால் புல் நன்றாக முளைக்கும் என்று மேய்ப்பர் கூறுவது முழுப்பொய் அன்று. முதற் கோடைமழைக்குப்பின் கருகிய சரிவில் இளம்புல் தளிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்குமுன், மூடியிருந்த சருகை இழந்த மண்ணை அதே மழை கரைத்து ஓடைக்குக் கொண்டுபோகிறது. கருகிய மரக்கன்றுகளோ மீண்டும் தலையெடுப்பதில்லை. ஆண்டுதோறும் எரியும் சரிவில் புல்லும் உண்ணிச்செடியுமே எஞ்சுகின்றன. அவை அடுத்த மாசியில் முன்னிலும் விரைவாகப் பற்றுகின்றன.