கேட்டுவிட்டு, திரும்பவும் போ

புதுச்சேரி

அன்பு மகளுக்கு,

பொதுச் சுகாதாரப் படிப்பின் முதல் கள ஆய்வுக்காக அடுத்த மாதம் கடலோரக் குப்பங்களுக்குப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். கேள்வித்தாள் தயார், எத்தனை வீடு என்ற கணக்கும் தயார் என்றாய். மகிழ்ச்சிதான். ஒன்று மட்டும் உறுத்தியது. அந்தக் கேள்வித்தாளை எழுதும்போது குப்பத்துக்காரர் ஒருவராவது உன்னோடு உட்கார்ந்திருந்தாரா?

நம் ஊரே இதற்குப் பாடம். யானைக்கால் நம் தெருக்களில் சாதாரணமாகக் காணப்பட்ட காலம் உண்டு. சாக்கடையிலும் கழிவுநீர்க் குழியிலும் பெருகும் க்யூலெக்ஸ் கொசுதான் அதைப் பரப்பியது. 1975-இல் இங்கே தொடங்கப்பட்ட நோய்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆய்வு மையமான வி.சி.ஆர்.சி., பி. கே. ராஜகோபாலன் தலைமையில் 1981 முதல் 1985 வரை நகரில் கொசு ஒழிப்புத் திட்டம் ஒன்றை நடத்தியது.

ஊராரைக் கலக்காமல் இந்த நோயை ஆராய முடியாது. யானைக்கால் கிருமி பகலில் விரல்நுனி ரத்தத்தில் அநேகமாக அகப்படாது, இரவில்தான் வெளிப்படும். அதனால் ரத்தம் எடுக்க ராத்திரியில் போகவேண்டும். நினைத்துப் பார். சாப்பிட்டு முடித்துப் பாய் விரித்த நேரம். கையில் ஊசியும் கண்ணாடித் தகடுமாக ஒருவர் வாசலில் நின்று, தூங்குகிற பிள்ளையின் விரலைக் கேட்கிறார். 'ஏன் ராத்திரியில்?' என்பதைப் பகலிலேயே வந்து விளக்கியிருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும்.

என் மனசுக்கு நெருக்கமானது பாசிக் கதை. புதுச்சேரிக் கடலோரக் கழிகளில் பாசி மண்டிக் கிடந்தது; மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு அதற்குள் பெருகியது. 'பாசியை அகற்றுங்கள்' என்று தண்டோரா போட்டிருந்தால் ஒருநாள் கூத்தாக முடிந்திருக்கும். வலை இழுத்துப் பிழைக்கிறவர் கொசுவுக்காகத் தினமும் கழியில் இறங்குவாரா? அந்தப் பாசியிலிருந்து காகிதம் செய்யலாம் என்று வி.சி.ஆர்.சி. காட்டியது. பாசி அள்ளுவது காசு தரும் வேலையானது. ஆய்வாளருக்குக் கொசுக் கவலை, ஊராருக்கு அடுப்புக் கவலை. ஒரே வேலை இரண்டையும் தொட்டது. பிறகு கேரளத்துச் சேர்த்தலையிலும், கொசு ஒட்டி வளரும் நீர்ச்செடிகளைக் குளங்களிலிருந்து எடுத்துவிட்டு மீன் வளர்க்கும் வழியை ஊராரோடு சேர்ந்தே இந்த மையம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

சரி, 'ஊரார்' என்றால் யார்? குப்பத்தில் நுழைய நீ முதலில் பஞ்சாயத்தாரைப் பார்ப்பாய். பார்க்கத்தான் வேண்டும்; அது மரியாதை. ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் ஆண்கள். மீன்கூடையோடு விடியற்காலையிலேயே குபேர் மார்க்கெட்டுக்குப் போய்விட்ட பெண்ணின் சம்மதத்தை அவர்கள் தரமுடியாது. பத்து மணிக்கு நீ கதவைத் தட்டினால் அவள் உன் கணக்கிலேயே வரமாட்டாள். வாடகை வீட்டில் இருக்கும் வெளியூர்க் கூலியாட்கள், காது கேளாதவர், திருநங்கையர், ஊருக்கு ஒதுக்குப்புறமான காலனிக்காரர் எல்லாரும் இப்படித்தான் விடுபடுவார்கள். அவர்களுக்கு ஒழியும் நேரம் எது என்று கேட்டுக்கொண்டு போ.

ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்திடுவது சின்ன விஷயமில்லை. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்ட ஆய்வில், பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் பல படிவங்களில் கையெழுத்திட்டிருந்தார்கள். கண்டனம் எழுந்து, 2010 ஏப்ரலில் அரசு அந்த ஆய்வை நிறுத்தியது.

உன் சம்மதப் படிவத்தையும் எடுத்துப் பார். 'குருதி மாதிரி சேகரிக்கப்படும்' என்று இருந்தால் அடித்துவிட்டு, 'விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்போம். வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம், உங்கள் வைத்தியத்துக்கு ஒரு குறையும் வராது' என்று எழுது. எழுதியதை ஒரு மீன்காரம்மாவிடம் வாசித்துக் காட்டு. அவர் எந்த இடத்தில் நெற்றியைச் சுருக்குகிறாரோ, அந்த வரியை மாற்று.

கடைசியாக, எனக்கு நேர்ந்த ஒன்று. இளவயதில் ஓர் ஆய்வுக் குழுவோடு ரத்தம் எடுக்கப் போனேன். இரண்டு வருஷம் கழித்து அதே தெருவில் நடந்தபோது, திண்ணையில் இருந்த ஆயா என்னை அடையாளம் கண்டு, 'எடுத்துக்கிட்டுப் போனியே தம்பி, என்னான்னு சொல்லவே இல்லியே?' என்று கேட்டார். முடிவு அறிக்கையாக அச்சாகியிருந்தது. அந்தத் தெருவுக்கு மட்டும் வரவில்லை. என்னிடம் பதில் இல்லை. அன்று குத்திய அந்த ஆயாவின் விரல் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் உன் திட்டத்தில் இப்போதே ஒரு நாளைக் குறித்துவை. ஆய்வு முடிந்தபின் அதே குப்பத்துக்குப் போய், வலை உலர்த்தும் மணலில் அவர்களோடு உட்கார்ந்து, கண்டதைச் சொல்லும் நாள். அந்த நாளுக்கும் சேர்த்துப் பேருந்துக் காசு எடுத்துவை.

உன் சித்தப்பா